இலிஷ் ஏறும் வழி

டாக்காவின் சதர்காட் துறையிலிருந்து சாந்த்பூர் போகும் லாஞ்ச் முதலில் வெகுநேரம் கறுப்புத் தண்ணீரில்தான் போகிறது. அது புரிகங்கா. சாயப்பட்டறைக் கழிவும் நகரத்துச் சாக்கடையும் வந்து விழும் ஆறு. துறையில் நிற்கும்போதே நாற்றம் தொண்டையைப் பிடிக்கிறது. முன்ஷிகஞ்ச் பக்கம் தலேஸ்வரியைச் சேர்ந்த பிறகு தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கிறது. அப்புறம் மேக்னா. அதற்குள் லாஞ்ச் நுழைந்ததும் காற்றே மாறிவிட்டது. எதிர்க்கரை கண்ணுக்கு எட்டவில்லை. வண்டல் கலந்த பழுப்பு வெள்ளம் வானத்தின் விளிம்பு வரை பரந்து கிடக்க, அதில் முன்மூக்கு உயர்ந்த சிறு படகுகள் வலையை விட்டுவிட்டு ஓட்டத்தோடு மிதந்துகொண்டிருந்தன. நாங்கள் கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். எங்களுக்குக் கீழே, எதிர்த்திசையில், வங்காளிகள் இலிஷ் என்று அழைக்கும் மீன் கூட்டம் கூட்டமாக ஏறிக்கொண்டிருந்தது.

புரட்டாசி மாதம். விஜயதசமியை அடுத்து வரும் பௌர்ணமியை ஒட்டி வங்கதேச அரசு இலிஷ் பிடிக்க 22 நாள் தடை விதிக்கிறது. அது தொடங்கச் சில நாளே இருந்தது. அதற்கு முன் சாந்த்பூர் சந்தையைப் பார்த்துவிட வேண்டும், தடை தொடங்கிய பின் அதே ஆற்றையும் பார்க்க வேண்டும், பிறகு மீன் போகும் திசையிலேயே மேலே போக வேண்டும் என்பது என் திட்டம்.

சாந்த்பூரில் பத்மாவும் மேக்னாவும் சேர்ந்து வரும் பெருவெள்ளத்தோடு டாகாத்தியா என்ற சிற்றாறும் வந்து கலக்கிறது. மூன்று நீரும் மோதும் முனையில் சுழல் எப்போதும் உண்டு. படகுகள் கவிழ்ந்த கதைகளை ஊரார் சொல்கிறார்கள். அந்த முனைக்குப் பக்கத்திலேயே 'படா ஸ்டேஷன்' மீன் சந்தை. விடியற்காலையில் போனால் நடக்க இடமில்லை. தெற்கே போலா, ஹாத்தியா பக்கத்திலிருந்து இரவெல்லாம் ஓடி வந்த டிராலர்கள் கரையில் அணைந்து நிற்க, தலைச்சுமைக்காரர்கள் கூடை கூடையாக மீனை இறக்கி ஈரத் தரையில் கொட்டுகிறார்கள். கொட்டிய வேகத்தில் ஏலம். தரகர் ஒரே மூச்சில் விலையைச் சொல்லிக்கொண்டே போக, வியாபாரிகள் தலையை மட்டும் அசைக்கிறார்கள். குவியல் கைமாறியதும் அதன்மேல் உடைத்த ஐஸ் விழுகிறது. இந்த ஊருக்கு 'இலிஷின் வீடு' என்றே பெயர்.

ஒரு மீனைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். வயிறு வெள்ளி, முதுகு கரும்பச்சை, தோளருகே வெளிச்சம் படும் கோணத்துக்கு ஏற்ப ஊதாவும் பொன்னும் மாறி மாறி ஓடின. வயிற்றின் அடிவிளிம்பை விரலால் தடவினால் கூரான செதில் வரிசை அறுக்கிறது. மேல்தாடையின் நடுவில் ஒரு சிறு பிளவு. இதன் இனத்தை அடையாளம் காண்பதற்கு அதுதான் குறி. செவுள் மூடியைத் தூக்கிக் காட்டினார் வியாபாரி. உள்ளே சிவந்த செவுளுக்கு முன்னால் மெல்லிய முட்கள், பல் நெருங்கிய சீப்பில் இருப்பதுபோல, நூற்றுக்கணக்கில் அடுக்கியிருந்தன. இந்த மீன் எதையும் துரத்திக் கடித்துத் தின்பதில்லை. வாயைத் திறந்தபடி நீந்தி, நீரில் மிதக்கும் நுண்பாசியையும் நுண்ணுயிரையும் இந்த முட்களால் வடிகட்டி விழுங்குகிறது. ஒரு கிலோ எடையும் அவ்வளவு கொழுப்பும் அப்படி வடித்தெடுத்ததுதான்.

இவ்வளவு தூரம் நான் வந்ததற்குக் காரணம் கொள்ளிடம். நான் அந்த ஆற்றங்கரைக்காரன். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வெள்ளம் வரும் காலத்தில் 'உள்ளம் மீன்' ஏறி வரும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த உள்ளம்தான் இந்த இலிஷ். 1836-இல் பொறியாளர் ஆர்தர் காட்டன் அணைக்கரையில் கீழணையைக் கட்டியபோது மீனின் வழியில் முதல் தடை விழுந்தது. சென்னையில் மருத்துவராக இருந்து மீனியலாளராக மாறிய பிரான்சிஸ் டே, அணைக்கட்டுகள் ஏறும் மீன்களைத் தடுப்பதைப் பற்றி 1873-இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் எழுதினார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்துறையினர் கீழணையருகே உள்ளத்தின் முட்டையைச் செயற்கையாகப் பொரிக்கவைக்கவும் முயன்றார்கள். 1934-இல் மேட்டூர் அணை வந்தது. மீனை அழைத்து வந்த வெள்ளமே அதன்பின் அணைக்குப் பின்னால் நின்றுவிட்டது. இன்று எங்கள் கடற்கரையில் எப்போதாவது வலையில் ஒன்றிரண்டு உள்ளம் கிடைப்பதுண்டு. ஆற்றில் ஏறும் கூட்டத்தை என் தலைமுறை பார்த்ததில்லை. பார்க்காததைத் தேடித்தான் வங்காளத்துக்கு வந்தேன்.

பாரசீக வளைகுடாவின் தலைப்பில், பாஸ்ராவைத் தொட்டு ஓடும் ஷத்துல் அரபு ஆற்றிலிருந்து மியான்மரின் ஐராவதி வரை இந்த மீனின் எல்லை. இடையில் சிந்து, நர்மதை, தபதி, காவிரி, கிருஷ்ணை, கோதாவரி, மகாநதி, கங்கை. சிந்து மாகாணத்தில் இதற்குப் 'பல்லா' என்று பெயர். சிந்திகள் வணங்கும் ஜூலேலால் பல்லா மீன்மேல் அமர்ந்து ஆற்றில் வருவதாகத்தான் படம் வரைவார்கள். சுக்கூருக்கு அருகே ஆற்றுத்தீவில் இருக்கும் க்வாஜா கிஸ்ரின் தர்காவை வணங்கவே பல்லா கடலிலிருந்து எதிர்நீச்சல் போட்டு வருகிறது என்று அங்கே நம்பினார்கள். 1955-இல் கோட்ரி அணை வந்த பிறகு பல்லாவால் சுக்கூர் வரை போக முடியவில்லை. கோதாவரியில் இதே மீன் 'புலச'. ஆடி, ஆவணியில் செந்நீர் வரும்போது ஏனாமிலும் ராஜமுந்திரியிலும் ஒற்றை மீன் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏலம் போவது ஒவ்வொரு ஆண்டும் செய்தியாகிறது. அங்கேயும் தவளேஸ்வரத்தில் 1852-இல் காட்டன் கட்டி முடித்த அணைதான் எல்லை. உலகில் பிடிபடும் இலிஷில் பெரும்பங்கு இன்று வங்கதேசத்தில்தான் கிடைக்கிறது. மேக்னாவின் வாய் இன்னும் அடைபடாமல் இருப்பது அதற்கு முதல் காரணம்.

இலிஷின் வாழ்க்கை தொடங்குவது நன்னீரில். பெரிய பெண்மீன் ஒன்றின் சினையில் 10 லட்சம் முட்டைக்கு மேல் இருக்கும். 20 லட்சம் வரைகூட எண்ணியிருக்கிறார்கள். மழையால் ஆறு பெருகி, நீர் கலங்கி, ஓட்டம் வேகமெடுக்கும்போது கடலில் இருக்கும் மீன்கள் கழிமுகத்தில் கூடத் தொடங்குகின்றன. ஏற்றத்தின்போது பெருக்கோடு உள்ளே நுழைந்து, வற்றத்தின்போது எதிர்த்து நின்று, மெல்ல மெல்ல உப்பு விட்ட நீருக்குப் போகின்றன. ஆற்றில் ஏறும் நாள்களில் அவை அதிகம் இரை எடுப்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பை எரித்தே அந்தப் பயணம் நடக்கிறது. ஆற்றுக்குள் புதிதாக நுழைந்த மீனுக்கு ஒரு ருசியும், முட்டையிட்டுத் திரும்பும் மீனுக்கு வேறு ருசியும் இருப்பது அதனால்தான். திரும்பும் மீன் வற்றி, சதை தளர்ந்துபோயிருக்கும்.

முட்டையிடுவது ஆண்டில் பல மாதங்கள் நடந்தாலும், அதன் உச்சம் விஜயதசமிக்குப் பின்வரும் பௌர்ணமியை ஒட்டித்தான். மேக்னாவின் கீழ்ப்பகுதியில் மன்புரா, ஹாத்தியா தீவுகளைச் சுற்றிய நீரில் அந்த நாள்களில் பெண்மீன் முட்டையை விட, ஆண்மீன் அதன்மேல் விந்தைப் பாய்ச்சுகிறது. முட்டைகள் நீருக்குள் பாதி மிதந்தும் பாதி தாழ்ந்தும் ஓட்டத்தோடு போகின்றன. ஓடும் நீர் அவற்றுக்குக் கட்டாயம் தேவை. தேங்கிய நீரில் அடியில் படிந்து வண்டல் மூடினால் அவை மூச்சுமுட்டிச் சாகும். ஏறக்குறைய ஒரு நாளில் முட்டை பொரிந்துவிடுகிறது. கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் குஞ்சு ஓட்டத்தில் மிதந்து, மேக்னாவின் ஓரத்து ஆழமில்லாத நீரிலும் மணல் தீவுகளின் அணைப்பிலும் வளர்கிறது. ஐந்தாறு மாதம் இப்படி ஆற்றில் இருக்கும் இளமீனுக்கு 'ஜாட்கா' என்று பெயர். பிறகு அது கடலுக்கு இறங்கி, வளர்ந்து, ஒன்றிரண்டு ஆண்டில் சினைப்பட்டுத் திரும்புகிறது. எல்லா இலிஷும் இந்த ஒரே வழியில் போவதில்லை. கடலைவிட்டு வராத கூட்டங்களும் உண்டு, நன்னீரைவிட்டுப் போகாத கூட்டங்களும் உண்டு.

இவ்வளவையும் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மீனின் தலைக்குள், உள்காதில் சிறு கற்கள் இருக்கின்றன. மீன் வளர வளர அவற்றில் வளையம் வளையமாக ஏடு படிகிறது. கடல்நீரில் ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமம் அதிகம், ஆற்றுநீரில் குறைவு. காதுக்கல்லை மெல்லிய தகடாக அறுத்து நடுவிலிருந்து விளிம்புவரை ஸ்ட்ரான்ஷியத்தை அளந்தால், அந்த மீன் எந்த வயதில் ஆற்றில் இருந்தது, எந்த வயதில் உப்புநீருக்குப் போனது என்று வரிசையாகத் தெரிந்துவிடும். ஒரு மிளகு அளவுகூட இல்லாத கல்லில் முழு யாத்திரையும் பதிவாகிறது. எந்த அணையும் எந்த எல்லைச் சாவடியும் தெரியாத ஒரு உயிர் தன் வழியைத் தானே எழுதி வைத்திருப்பதை நினைக்க எனக்கு நெஞ்சு விம்மியது.

தடைக்கு முந்தைய இரவுகளில் ஒன்றில் ஒரு படகில் ஏறிக்கொண்டேன். என்னோடு டாக்காவிலிருந்து வந்த கல்லூரி மாணவர் படகுக்காரரைச் 'சாச்சா' என்று அழைத்துப் பேசி இடம் வாங்கித் தந்தார். சாச்சாவுக்கு அறுபது வயது இருக்கும். மகன்கள் இருவரும் அக்காள் மகன் ஒருவனும் துணை. அந்தி சாய்ந்ததும் செவுள்வலையை ஆற்றின் குறுக்கே விட்டார்கள். மேலே மிதவை, கீழே எடை, நடுவில் ஒரு சுவராக நைலான் கண்ணி. என்ஜினை அணைத்ததும் படகும் வலையும் ஒன்றாக ஓட்டத்தில் இறங்கின. மேலே ஏற வரும் மீன் வலையில் மோதி, தலையை நுழைத்து, செவுள் மாட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டம் தணியும் நேரத்தில்தான் அதிகம் விழும் என்றார்.

வலையை இழுக்கத் தொடங்கியபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. முதல் மீன் நீரைவிட்டு மேலே வந்ததும் டார்ச் வெளிச்சத்தில் உடம்பு முழுக்க மின்னியது. வால் பலகையில் மூன்று நான்கு முறை அடித்தது. பிறகு உடம்பு முழுவதும் ஒரு நடுக்கம் ஓடி, அசைவு நின்றுவிட்டது. இலிஷ் நீருக்கு வெளியே சில நிமிடம்கூடத் தாங்குவதில்லை. அதனால்தான் எந்தச் சந்தையிலும் உயிருள்ள இலிஷைப் பார்க்க முடியாது. சாச்சா அதைக் கண்ணியிலிருந்து கழற்றி, வயிற்றைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். "சினை முத்திப்போச்சு. நாலு நாள் விட்டிருந்தா ஆத்துல விட்டிருக்கும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த வருத்தம் உண்மையானது. அந்த மீனை ஐஸ் பெட்டிக்குள் வைத்ததும் உண்மை. அவர் கடன்காரர்.

இந்தக் கடனைப் பற்றிச் சொல்லாமல் இலிஷைப் பற்றிச் சொல்ல முடியாது. படகும் வலையும் வாங்க ஏலக்கடைக்காரர் முன்பணம் தருகிறார். 'தாதன்' என்று அதற்குப் பெயர். வாங்கியவர் பிடிக்கும் மீன் முழுவதையும் அவர் கடையில்தான் போட வேண்டும், அவர் வைத்த விலைக்கு. அதன்மேல் கமிஷன் வேறு. நகரத்தில் ஒரு கிலோ இலிஷ் கூலித் தொழிலாளியின் பல நாள் சம்பளத்தை விழுங்கும் விலைக்கு விற்கும்போதும் பிடித்தவர் கையில் நிற்பது கொஞ்சம்தான். எங்கள் கடற்கரையில் முன்பணம் வாங்கிவிட்டு வியாபாரிக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கும் கட்டுமரக்காரர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, சாச்சா விளக்காமலே அது புரிந்தது.

தடை தொடங்கிய காலையில் மீண்டும் சந்தைக்குப் போனேன். தரை கழுவிக் காய்ந்திருந்தது. பிடிப்பது, ஏற்றுவது, விற்பது, சேமித்து வைப்பது எல்லாமே இந்த 22 நாளும் குற்றம். மீறினால் ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 5,000 வங்கதேச டாக்கா வரை அபராதம், அல்லது இரண்டும். ரோந்துப் படகு ஆற்றின் நடுவே போய்வந்துகொண்டிருந்தது. முந்தின நாள் வரை படகுகளால் நிறைந்திருந்த மேக்னாவில் மணல் ஏற்றிய சரக்குப் படகுகள் மட்டும் போயின. கரையில் ஆண்கள் வலையை விரித்து வைத்துக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வங்கதேசம் இதை ஒரே நாளில் செய்துவிடவில்லை. 2000-களின் தொடக்கத்தில் ஆண்டுப் பிடிப்பு 2 லட்சம் டன் அளவுக்கு இறங்கியபோது விழித்துக்கொண்டார்கள். மேக்னாவில் ஷாட்னோல் முதல் சர் அலெக்சாந்தர் வரை சுமார் 100 கிலோமீட்டரையும், இன்னும் சில ஆற்றுப் பகுதிகளையும் சரணாலயமாக்கினார்கள். மார்ச், ஏப்ரலில் இங்கே எந்த வலையும் இறங்கக் கூடாது. 25 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஜாட்காவை நவம்பர் முதல் ஜூன் வரை தொடக் கூடாது. சினைக்காலத் தடை முதலில் பத்துப் பதினொரு நாள், பிறகு 15 நாள், 2016 முதல் 22 நாள். 2017-18-இல் பிடிப்பு 5 லட்சம் டன்னைத் தாண்டியது. 2017-இல் வங்கதேச இலிஷுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அண்மையில் இந்த ஏற்றம் தடுமாறத் தொடங்கியிருக்கிறது. கழிமுகத்தில் மணல்மேடுகள் உயர்வதும், ஆற்றில் கலக்கும் கழிவும், சட்டம் தடுத்த நைலான் கண்ணிகளும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. ஆனாலும் ஏழை நாடு ஒன்று தன் மக்களின் கையைக் கட்டி ஒரு மீனை மீட்டுக் காட்டியது சாதாரணக் காரியமில்லை.

அந்தக் கை யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். தடை நாள்களுக்கு ஒரு குடும்பத்துக்கு அண்மைக்காலமாக 25 கிலோ அரிசி தருகிறார்கள். ஜாட்கா காலத்தில் நான்கு மாதம் மாதத்துக்கு 40 கிலோ. சாச்சாவைக் கரையில் பார்த்தேன். "இருக்கச் சொன்னாங்க, இருக்கோம். மீன் பெருகினா எங்களுக்குத்தான் நல்லது, அது தெரியும் தம்பி. அரிசி குடுத்தாங்க, சரி. எண்ணெய்? பருப்பு? வாராவாரம் லோன் தவணைக்கு வர்ற அம்மாவுக்கு இது தடைக்காலம்னு தெரியாதா?" என்றார். 22 நாளுக்குக் கடன் தவணையையும் நிறுத்தி வைப்பது அரசுக்குப் பெரிய செலவு இல்லை. அதைச் செய்யாமல் ரோந்துப் படகை மட்டும் அனுப்புவது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே வங்காளிகள் தாங்களாகவே ஒரு தடை வைத்திருந்தார்கள். கிழக்கு வங்காள இந்துக் குடும்பங்கள் பலவற்றில் புரட்டாசி, ஐப்பசியில் வரும் லட்சுமி பூஜையோடு இலிஷ் உண்பதை நிறுத்தி, தை, மாசியில் சரஸ்வதி பூஜையன்று ஜோடி இலிஷ் வாங்கிச் சமைத்து மறுபடி தொடங்குவார்கள். முட்டையிடும் மீனும் வளரும் குஞ்சும் அந்த மாதங்களில் பிழைத்தன. கொல்கத்தாவில் ஆண்டு முழுவதும் ஐஸில் வைத்த இலிஷ் கிடைக்கத் தொடங்கியதும் வழக்கம் தளர்ந்துவிட்டது.

தடைக்கு முந்தைய நாள் சாந்த்பூரில் ஒரு தகரக்கூரை ஓட்டலில் சாப்பிட்டதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முன்வாசலில் ஒருவர் அரிவாள்மணையில் உட்கார்ந்து மீன் நறுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு அரிவாள்மணைதான், அலகு மட்டும் இன்னும் உயரம். செதிலை உரித்து முழு மீனையும் கழுவிய பிறகே நறுக்குகிறார்கள். துண்டு போட்டபின் கழுவினால் எண்ணெயும் மணமும் நீரோடு போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. கடுகெண்ணெயில் கருஞ்சீரகமும் கீறிய பச்சை மிளகாயும் தாளித்து, கத்தரிக்காய்த் துண்டுகளோடு நீர்த்த குழம்பாக வைத்திருந்தார்கள். வெங்காயம் இல்லை, தக்காளி இல்லை. மீனின் கொழுப்பே குழம்பின்மேல் மஞ்சளாக மிதந்தது. முள் ஏராளம். நுனி பிரிந்த மயிரிழை முட்கள். பேச்சை நிறுத்தி, விரல் நுனியால் பிரித்து, மெதுவாகத்தான் சாப்பிட முடியும். அந்தச் சதையின் மணம் கடலுக்கும் சேராது, எங்கள் ஆற்றுமீன் எதற்கும் சேராது. கொள்ளிடம் இழந்தது இதைத்தான் என்று அந்த ஓட்டலில் தெரிந்துகொண்டேன்.

பிறகு மேலே. மாவா துறையில் பத்மா பாலத்தைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் ராஜ்ஷாஹிக்கு. அங்கே பத்மா நகரத்தின் கரையைத் தொட்டு ஓடுகிறது. மழைக்காலம் முடியும் தறுவாயாதலால் ஆறு நிறைந்திருந்தது. கோடையில் வந்தால் நடுவே மணல்வெளிதான் என்று கரையில் கடலை விற்றவர் சொன்னார். அங்கிருந்து சாபாய் நவாப்கஞ்ச், கான்சாட் வழியாகச் சோனா மஸ்ஜித் எல்லைச் சாவடி. 1976 மே 16-ஆம் நாள் வங்கதேச அரசியல் தலைவர் மௌலானா பாஷானி முதிய வயதில், உடல் நலிந்த நிலையில், பல்லாயிரம் பேரோடு ராஜ்ஷாஹியிலிருந்து இந்தியாவின் ஃபராக்கா அணையை நோக்கி நடந்தது இந்தச் சாலையில்தான். கங்கையின் நீரைத் தடுக்காதே என்பது அவர்களின் குரல். நடை கான்சாட்டோடு நின்றது. நான் எல்லையைத் தாண்டி, பழைய கௌர் நகரத்தின் இடிந்த மசூதிகளைக் கடந்து, மால்டா வழியாக ஃபராக்கா போய்ச் சேர்ந்தேன்.

1975-இல் திறந்த அணை அது. 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், நூற்றுக்கும் மேற்பட்ட கதவுகள். ரயிலும் தேசிய நெடுஞ்சாலையும் அதன்மேல்தான் போகின்றன. துப்பாக்கி ஏந்திய காவலர்கள் நிற்கிறார்கள், படம் எடுக்கக் கூடாது. கங்கை நீரைத் திருப்பி, 38 கிலோமீட்டர் கால்வாய் வழியே பாகீரதிக்கு அனுப்பி, ஹூக்ளியில் சேரும் வண்டலைத் தள்ளிக் கொல்கத்தா துறைமுகத்தைக் காப்பதற்காகக் கட்டியது. இது எழும்பும்வரை கடலிலிருந்து இலிஷ் பக்சர், அலகாபாத், கான்பூர் என்று ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஏறிப் போனது. ஆக்ராவில், டெல்லியில்கூட யமுனையில் பிடிபட்டதற்குப் பதிவு உண்டு. பிகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் ஆற்றங்கரை மீனவர்களுக்கு மழைக்கால வரும்படியே இந்த மீன்தான். கதவுகள் விழுந்த சில ஆண்டுகளுக்குள் அது முடிந்தது.

அணையின் கீழ்ப்புறம் ஒரு படித்துறையில் நின்று பார்த்தேன். மடைகளிலிருந்து நீர் நுரைத்துக்கொண்டு பாய்ந்தது. ஏறும் மீனின் உடம்பு எதைத் தேடி வருகிறதோ அதே கலங்கல், அதே வேகம். அந்த இரைச்சலை நோக்கி வரும் மீனுக்கு அதற்கு அப்பால் போக வழியில்லை. இங்கேயே சுற்றித் திரிந்து, வலையில் விழும், அல்லது கிடைத்த இடத்தில் முட்டையை விடும். மேக்னாவில் மீனுக்கு நாள்களை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே அதற்குப் பயன்படும் வழி அரை நூற்றாண்டாகக் கிடைக்கவில்லை. கொள்ளிடத்திலும் சிந்துவிலும் கோதாவரியிலும் நடந்தது இதுவே. அணை கட்டுவோர் நீரைக் கன அடியில் கணக்கிட்டார்கள். அதற்குள் ஏறி வரும் உயிரைச் சரியாகக் கணக்கில் சேர்க்கவில்லை.

முயற்சி அடியோடு இல்லையென்றும் சொல்ல முடியாது. பாரக்பூரில் உள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் அணைக்குக் கீழே பிடித்த இலிஷை உயிரோடு மேலே கொண்டுபோய் விடுகிறார்கள். சிலவற்றின் முதுகில் அடையாள வில்லையும் மாட்டுகிறார்கள். வெளியே எடுத்ததும் சாகும் மீனை உயிரோடு சுமந்து போவது எவ்வளவு பொறுமை வேண்டிய வேலை என்பது சாச்சாவின் படகில் அந்த முதல் மீனைப் பார்த்த எனக்குத் தெரியும். 2019-இல் மத்திய அரசு இன்னொரு திட்டத்தை அறிவித்தது. கப்பல்கள் ஏறி இறங்க அப்போது புதிதாகக் கட்டிவந்த லாக் கேட்டை மீன் கடக்கும் காலத்தில் நள்ளிரவு 1 மணி முதல் 5 மணி வரை திறந்து வைத்து, இலிஷுக்கு வழிவிடுவது. இரவில் நான்கு மணி நேரம் ஒரு கதவு. அதை ஒவ்வொரு வெள்ளக்காலத்திலும் தவறாமல் திறப்பதோடு, அதன் வாயில் வலை போட விடாமல் காவலும் வைக்க வேண்டும். அணையின்மேல் நிற்கும் காவலர்களில் நான்கு பேர் அதற்குப் போதும்.

மாலையில் ஃபராக்கா சந்தைக்குப் போனேன். தெர்மோகோல் பெட்டிகளில் ஐஸுக்குள் இலிஷ் அடுக்கியிருந்தது. "இது மியான்மர், தாதா. இது டைமண்ட் ஹார்பர்" என்று வியாபாரி ஒவ்வொரு பெட்டியாகக் காட்டினார். கங்கைக்கரைச் சந்தைக்கு இலிஷ் லாரியில் வந்து இறங்கியிருந்தது. உள்ளூர் மீன் எங்கே என்று கேட்டேன். மேற்கு வங்கத்திலும் அந்தப் பௌர்ணமியை ஒட்டி ஆற்றின் சில பகுதிகளில் தடை உண்டு.

"பௌர்ணமி கழியட்டும் தாதா, அணைக்குக் கீழே பிடிச்சது வரும். சின்னதா இருக்கும், ஆனா ருசி இதுக்கு வராது."

"அணைக்கு மேலே பிடிச்சது?"

"அதை என் அப்பாதான் வித்தார்" என்றார். ராஜ்மகல் பக்கத்திலிருந்து படகில் கொண்டுவருவார்களாம். கரையிலேயே பேரம் முடிந்து, மீதி மீனை உப்பு போட்டு மண்பானையில் அடைத்து வைப்பார்களாம். அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, வீடு பக்கத்தில்தான், கடையை மூடியதும் கூட்டிப்போகிறேன், அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்கு டைமண்ட் ஹார்பர் மீனை எடை போடத் திரும்பினார். நான் அங்கேயே ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டேன்.